ஆழப் பனியில் எது நம் பேச்சைக் கேட்கும்? மலை ஸ்னோமொபைல்களை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்னோமொபைல் என்பது பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி. கடைத் தரையில் நிற்கும்போது எல்லா ஸ்னோமொபைலும் நல்ல ஸ்னோமொபைல்தான். விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும். விற்பனையாளர் குதிரைத்திறனைச் சொல்வார். நாமும் ஏறி நின்று ஹேண்டில்பாரை இரண்டு முறை திருப்பிப் பார்த்துத் தலையாட்டுவோம். இடுப்பளவுப் பொடிப்பனியில், மரத்துக்கும் மரத்துக்கும் இரண்டே மீட்டர் இடைவெளி இருக்கும் சரிவில், அதைக் குறுக்காகப் பிடித்து ஓட்ட வேண்டி வரும்போதுதான் அதன் குணம் தெரியும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

நான் கால்கரியில் வசிக்கிறேன். குளிர்காலத்தில் வார இறுதி வாய்த்தால் மேற்கே நான்கரை மணி நேரம் ஓட்டி பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவல்ஸ்டோக்குக்குப் போய்விடுவேன். கனடாவில் ஒரே குளிர்காலத்தில் மிக அதிகமாகப் பனி பொழிந்த சாதனை அந்த ஊருக்கு அருகிலுள்ள கோப்லாண்ட் மலைக்கு உரியது: 1971-72இல் 24 மீட்டருக்கும் மேல். எட்டு மாடிக் கட்டடம் மூழ்கும் உயரம். ஊரை ஒட்டிய போல்டர் மலையிலும் ஃபிரிஸ்பி ரிட்ஜிலும் நண்பர்களின் வண்டி, வாடகை வண்டி என்று மாற்றி மாற்றி ஓட்டியதில் கற்றுக்கொண்டதையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மலைக்குப் போகிறவர்கள் முழுப்பெயர் சொல்வதில்லை, 'ஸ்லெட்' என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

வண்டியின் முன்னால் இருப்பவை ஸ்கீ எனும் இரண்டு சறுக்குக் கட்டைகள், அடியில் சுழன்று தள்ளுவது ட்ராக் எனும் ரப்பர் பட்டை. ஆழப் பனியில் ஸ்கீ திருப்பாது. பனிக்குள் புதைந்து கிடக்கும் இரண்டு ஸ்கீகளை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகவே உழுதுகொண்டு போகும். திரும்ப வேண்டுமானால் மொத்த வண்டியையும் ஒரு பக்கமாகச் சாய்த்து, ட்ராக்கின் ஓரத்தில் நிறுத்த வேண்டும். ஆகவே நான் எல்லா ஸ்லெட்டிடமும் கேட்பது இரண்டே கேள்விகள். சாய்வதற்கு என்னிடம் எவ்வளவு உழைப்பை வாங்குகிறாய்? சாய்ந்த பிறகு, நான் சொல்லும்வரை அப்படியே நிற்பாயா? குதிரைத்திறன் இவற்றுக்குப் பிறகுதான்.

படி 1: முதலில் பனியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

போன வாரம் ஓட்டிய ஸ்லெட்டையும் இந்த வாரம் ஓட்டியதையும் ஒப்பிடுவது வீண். பனி மாறினால் வண்டியே வேறு வண்டி ஆகிவிடும். ஒரே நாள், ஒரே சரிவு, முடிந்தால் ஒரே மணி நேரம். இந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் குறிப்பு எழுதவே உட்காராதீர்கள்.

பனியின் தன்மையை அறிய நான் செய்வது புட்டு மாவுச் சோதனை. கையுறைக்குள் ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள். கோலமாவுபோல விரலிடுக்கில் ஒழுகி ஓடினால் அது உலர்பனி. அமெரிக்காவின் கொலராடோ, வயோமிங் உயரங்களில் அதிகம் கிடைப்பது இதுதான். அழுத்தினால் பிடிபட்டு, தட்டினால் உதிர்ந்தால் அது புட்டுப் பதம். ரெவல்ஸ்டோக் பக்கம் நான் அதிகம் பார்ப்பது இது. கொழுக்கட்டைபோலப் பிடித்தபடியே நின்றால் ஈரம் கூடுதல். பசிபிக் கடலோர மலைகளில் இது சகஜம். உலர்பனியில் எந்த வண்டியும் ஆழமாகப் புதையும், அதனால் மிதக்கும் திறன் முக்கியம். ஈரப்பனியில் வண்டி மேலேயே நிற்கும், ஆனால் சாய்க்க உடம்பு வலிக்கும். ஒன்றில் ராஜாவாக இருந்த ஸ்லெட் மற்றொன்றில் முரட்டு மாடாகலாம்.

பனியோடு உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 3 சதவீத வலிமையை இழக்கும். கடல் மட்டத்தில் 165 குதிரைத்திறன் உள்ள எஞ்சினிடம் 2,000 மீட்டரில் 130 சொச்சம்தான் மிஞ்சும். வயோமிங்கின் டோகோட்டி கணவாய் 2,900 மீட்டருக்கு மேல். அங்கே ஓட்டுகிறவர் டர்போவைப் புகழ்ந்தால் அதில் நியாயம் இருக்கிறது. ரெவல்ஸ்டோக்கில் பெரும்பாலும் 2,000-2,400 மீட்டருக்குள்ளேயே சுற்றும் நான் அதே புகழ்ச்சியை அப்படியே வாங்கிக்கொண்டால் பர்சுதான் இளைக்கும்.

படி 2: காகிதத்தில் பார்க்க வேண்டியவை

விவரப் பட்டியலில் ஐம்பது வரிகள் இருக்கும். கையாளும் விதத்தை முடிவு செய்வது நான்கைந்துதான்.

ட்ராக் நீளம் முதலாவது. ரப்பர் பட்டையின் முழுச் சுற்றளவை அங்குலத்தில் சொல்வார்கள்: 146, 154 அல்லது 155, 165, சிலவற்றில் 175. நீளம் கூடினால் பனியில் மிதக்கும், செங்குத்தில் ஏறும், வேகம் குறைந்தாலும் புதையாது. பதிலுக்கு, திரும்ப மறுக்கும். 146 துள்ளும், சட்டென்று திரும்பும், ஆனால் பனி ஆழமானால் வேகத்தைக் கைவிட முடியாது, விட்ட நொடியில் உட்கார்ந்துவிடும். என் கணக்கில் 154-155 என்பது பெரும்பாலானோருக்குப் போதுமான நடுவழி. 90 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்களும், முதுகில் பெரிய பையோடு போகிறவர்களும் 165-ஐப் பார்க்கலாம்.

அகலத்தைப் பலர் கவனிப்பதில்லை. போலாரிஸ், ஆர்க்டிக் கேட் மலை ஸ்லெட்டுகளின் ட்ராக் 15 அங்குலம். ஸ்கீ-டூ சம்மிட்டுக்கு 16. ஒரே ஒரு அங்குலம்தான், ஆனால் சாய்க்கும்போது அந்த அங்குலத்தின் மேல்தான் மொத்த வண்டியும் புரள வேண்டும். அகலமான ட்ராக் மிதப்பில் ஜெயிக்கும், குறுகியது புரள்வதில் ஜெயிக்கும். ஸ்கீ-டூ இந்தக் குறையை எப்படிச் சரிக்கட்டியது என்பதைச் சற்றுப் பிறகு சொல்கிறேன்.

ட்ராக்கின் மேல் நிற்கும் ரப்பர் துடுப்புகளின் உயரம் 2.5 அங்குலத்திலிருந்து 3 அங்குலம் வரை இருக்கும். மூன்று அங்குலம் பொடிப்பனியை அள்ளித் தள்ளும், எஞ்சினிடம் கூடுதல் வேலை கேட்கும். மார்ச் முடிந்து பனி இறுகியபின் 2.5-தான் சொகுசு.

இரண்டு ஸ்கீகளுக்கும் இடையிலான அகலம் மலை ஸ்லெட்டுகளில் சுமார் 36 அங்குலம். தட்டையான பாதையில் ஓடும் வகைகளில் 42-43 வரை போகும். குறுகினால் எளிதில் சாயும். பாதையில் வேகமாக வளையும்போதும் அதே எளிமையோடு கவிழப் பார்க்கும்.

எடைக்கு வருவோம். 850 சிசி இரண்டு ஸ்ட்ரோக் மலை ஸ்லெட்டுகளுக்கு நிறுவனங்கள் சொல்லும் உலர் எடை பெரும்பாலும் 190-லிருந்து 210 கிலோ வரை. பெட்ரோல், எண்ணெய், கூலன்ட், அடியில் ஒட்டி உறைந்த பனி, பின்னால் கட்டிய சாமான் எல்லாம் சேர்ந்தால் 250-ஐத் தொடும். பட்டியலில் தெரியும் ஐந்து கிலோ வித்தியாசத்துக்காகச் சண்டை போடுகிறவர்கள் கால்பலகையின் அடியில் உறைந்திருக்கும் பனியை ஒருமுறை நிறுத்துப் பார்க்கலாம்.

படி 3: யார் யார் களத்தில் இருக்கிறார்கள், அவரவர் குணம் என்ன

ஸ்கீ-டூ: கியூபெக்கின் வல்கூரில் பொம்பார்டியே தொடங்கிய பெயர், 1959இலிருந்து சந்தையில் இருக்கிறது. மலைக்கு அவர்கள் தருவது சம்மிட். 16 அங்குல ட்ராக்கை எளிதில் புரட்டுவதற்காக 2013 மாடலில் டீமோஷன் என்ற பின் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தார்கள். உள்ளே ஒரு பந்து மூட்டு இருக்கிறது. சாய்க்கும்போது ட்ராக் தாங்கும் சட்டம் வண்டியோடு இறுகி நிற்காமல் சற்றே திருகிக் கொடுக்கும். ட்ராக்கின் ஓரங்களும் வளையும். ஓட்டும்போது தெரிவது இதுதான்: சாய்வு ஒரே சீராக, திடுக்கிடாமல் வருகிறது. பத்து டிகிரி கேட்டால் பத்து, இருபது கேட்டால் இருபது. புதிதாக மரக்காட்டுக்குள் நுழைகிறவருக்கு இந்த முன்கூட்டித் தெரியும் தன்மை பெரிய துணை. பனி இறுகிய சரிவில் குறுக்கே போகும்போது அதே நெகிழ்வு சிலருக்குப் பிடிமானம் தளர்ந்ததுபோலத் தோன்றும். சம்மிட்டின் எக்ஸ்பர்ட் வகையில் இந்த உணர்வு குறைவு.

போலாரிஸ்: மினசோட்டாவின் நிறுவனம், மலைக்கு ஆர்எம்கே வரிசை. 2021 மாடலிலிருந்து மேட்ரிக்ஸ் சட்டம். இதன் பின் சஸ்பென்ஷன் இறுக்கமானது, எங்கும் திருகாது. கையில் செய்த சிறு அசைவும் தாமதமில்லாமல் பனிக்குள் இறங்கும். அனுபவசாலிகள் இதை விரும்புவதும் புதியவர்கள் பயப்படுவதும் ஒரே காரணத்துக்காகத்தான். இதிலும் மூன்று குணங்கள் உண்டு. ப்ரோ மூக்கைத் தாழ்த்தி ஒழுங்காக ஏறும். 2020இல் வந்த கேயாஸ் முன்பக்கத்தைத் தூக்கி விளையாடும், த்ராட்டிலை (வேகம் கூட்டும் விசையை) தொட்டாலே ஸ்கீகள் வானம் பார்க்கும். 2022இல் வந்த ஸ்லாஷில் பின்புற அலுமினியக் கூடு குட்டையாகவும் கால்பலகை குறுகியும் இருக்கும், ஆழப் பனியில் உராய்வு குறைய. பின்னால் பெட்ரோல் கேனும் படுக்கைப் பையும் கட்டிக்கொண்டு மலைக்குடிசையில் தங்கப் போகிறவருக்கு ஸ்லாஷ் சரிவராது.

ஆர்க்டிக் கேட்: இதுவும் மினசோட்டா. 2019 மாடலில் ஆல்ஃபா ஒன் வந்தபோது நான் உட்படப் பலரும் சிரித்தோம். ட்ராக்கைத் தாங்க எல்லோரும் இரண்டு தண்டவாளம் வைக்க, இவர்கள் நடுவில் ஒன்றே ஒன்று வைத்தார்கள். ஓட்டிப் பார்த்தபின் சிரிப்பு நின்றது. சும்மா இடுப்பை நகர்த்தினாலே படுத்துக்கொள்கிறது. குறுக்குச் சரிவில் ட்ராக்கின் ஓரம் பனியோடு ஒட்டி வளைந்து போகிறது, கைகள் களைப்பதில்லை. வாகன நிறுத்துமிடத்திலிருந்து மலையடி வரை உள்ள இறுகிய பாதையில்தான் தொல்லை: தள்ளாடும், வளைவில் அவசரம் காட்டினால் மனசாட்சி உறுத்தும்.

லின்க்ஸ்: பின்லாந்தின் ரோவனியேமியில் தயாராவது, ஸ்கீ-டூவின் உறவுக்காரன். வட அமெரிக்காவுக்கு 2022 மாடலில்தான் வந்தது. அப்போது இருந்த பூன்டாக்கர் டிஎஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில் 3900, 4100 என்று வந்தது மில்லிமீட்டர் கணக்கிலான ட்ராக் நீளம். எஞ்சின் ஸ்கீ-டூவில் உள்ள அதே ரோடாக்ஸ். ஆனால் பின் சஸ்பென்ஷனில் திருகும் மூட்டு கிடையாது, குதித்து இறங்கினாலும் கலங்காது. மேடு பள்ளம் நிறைந்த மலையில் முரட்டுத்தனமாக ஓட்டுகிறவர் வண்டி இது. நிதானமாக மரங்களுக்குள் நெளிந்து போக நினைக்கும் எனக்கு, சம்மிட்டைவிட ஒரு படி கூடுதலாகத் தோள்வலி தந்தது.

யமஹா 2025 மாடலோடு ஸ்னோமொபைல் தொழிலை விட்டு விலகுவதாக 2023இல் அறிவித்துவிட்டது. பழைய நான்கு ஸ்ட்ரோக் யமஹா எஞ்சின்களின் ஆயுளுக்கு ஈடு இல்லை. எடை அதற்கான விலை. ஒரு முறை அதைப் பள்ளத்திலிருந்து தூக்கியவர் இரண்டாவது முறை தூக்க வரமாட்டார்.

டர்போ பற்றி ஒரு வார்த்தை. ஸ்கீ-டூவின் முதல் தொழிற்சாலை டர்போ 165 குதிரைத்திறனைச் சுமார் 2,440 மீட்டர் வரை குறையாமல் தந்தது, பின்னால் வந்த டர்போ ஆர் 180 தருகிறது. போலாரிஸின் பேட்ரியட் பூஸ்ட் 2022இல் வந்தது. மூன்றுமே அற்புதமான எஞ்சின்கள். ஆனால் ஒப்பிடும் நாளில் ஒருவர் டர்போவும் மற்றவர் சாதாரண எஞ்சினும் கொண்டுவந்தால், நீங்கள் ஒப்பிடுவது எஞ்சினை, கையாளுதலை அன்று.

படி 4: ஓட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஸ்லெட் விஷயத்தில் பல நேரம் கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருக்கும், ஏனெனில் முந்தைய ஆள் தன் எடைக்கும் தன் பழக்கத்துக்கும் ஏற்ப அதை முடுக்கி வைத்திருப்பார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வாடகை வண்டியை 'இது சாயவே சாயாது' என்று நாள் முழுக்கத் திட்டினேன். மாலையில்தான் பார்த்தேன், முன் ஷாக் ஸ்ப்ரிங்குகள் இரண்டும் கடைசிவரை இறுக்கப்பட்டிருந்தன. நூறு கிலோ ஆள் யாரோ பாதையில் வேகமாக ஓட்டியிருக்க வேண்டும். என் எடை 64.

ஆகவே புறப்படுமுன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் முன் ஷாக், அதாவது முன்பக்க அதிர்வுதாங்கி. ஸ்ப்ரிங்காக இருந்தால் தளர்த்துங்கள், காற்று ஷாக்காக இருந்தால் கையேடு உங்கள் எடைக்குச் சொல்லும் அழுத்தம் வையுங்கள். முன்பக்கம் மென்மையானால் வண்டி தானாகப் புரளும். அடுத்தது பின் சஸ்பென்ஷனின் முன்பகுதியில் இருக்கும் லிமிட்டர் பட்டை. இதைக் குறுக்கினால் ஸ்கீகள் பனியோடு ஒட்டும், செங்குத்தில் மூக்கு தூக்காது. தளர்த்தினால் முன்பக்கம் எழும்பி மிதக்கும், ஆனால் ஏற்றத்தில் பின்னால் சாயும். எல்லா ஸ்லெட்டையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்து அங்கிருந்து தொடங்குங்கள். ஹேண்டில்பார் உயரத்தையும் பாருங்கள். நின்றபடி முழங்கை லேசாக மடங்கும் உயரம்தான் சரி. எல்லா டாங்கிலும் பெட்ரோல் ஏறத்தாழ ஒரே அளவு இருக்கட்டும். பத்து லிட்டர் என்பது ஏழரை கிலோ, அதுவும் உயரமான இடத்தில் உட்காரும் கிலோ.

ட்ராக்கின் துடுப்புகள் தேய்ந்தோ கிழிந்தோ இருந்தால் அந்த வண்டியை ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுங்கள்.

படி 5: மலை அனுமதி தருகிறதா என்று பாருங்கள்

அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு குளிர்காலத்தில் நாள்தோறும் வெளியிடும் பனிச்சரிவு முன்னறிவிப்பைப் படிக்காமல் டிரக்கைவிட்டு ஸ்லெட்டை இறக்காதீர்கள். ஐந்து நிலைகளில் மூன்றாவதைத் தாண்டினால் நான் மரக்காட்டிலும் சமவெளியிலும் மட்டும் சோதித்துக்கொள்வேன். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30-லிருந்து 45 டிகிரி வரையுள்ள சரிவுகளில் கிளம்புகின்றன. நம் ஸ்லெட்டுகள் ஆசையோடு ஏறுவதும் அதே சரிவுகளில்தான். 2010 மார்ச் 13 அன்று இதே போல்டர் மலையில் மலையேற்ற ஸ்லெட் கூட்டம் ஒன்றின்மேல் பனி சரிந்து இருவர் இறந்தார்கள், சுமார் 30 பேர் காயமடைந்தார்கள். ஓட்டியவர்களோடு அடிவாரத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் சிக்கினார்கள். ஒப்பீட்டுச் சோதனை என்றால் ஒருவர் ஓட்ட மற்றவர் கீழே நின்று பார்ப்பதுதானே வழக்கம்? அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: பார்க்கிறவர் நிற்கும் இடம் சரிவின் பாதைக்கு வெளியே இருக்க வேண்டும். சரிவில் ஒரு நேரத்தில் ஒரே ஸ்லெட். நண்பர் நடுச்சரிவில் மாட்டிக்கொண்டால் உதவுகிறேன் என்று இன்னொருவர் மேலே போகக் கூடாது.

டிரான்ஸீவர் (புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி) உடம்பில் இருக்க வேண்டும், ஸ்லெட்டின் பெட்டிக்குள் அல்ல. கைப்பேசியை அதிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். மண்வாரியும் தேடுகோலும் முதுகுப்பையில். புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம், அதற்குப் பிறகு அது விறுவிறுவென்று சரியும். வெளியாள் யாரும் அந்த நேரத்துக்குள் வந்து சேரமாட்டார்கள். மலைக் காரிபூ மான்களுக்காக மூடப்பட்ட பகுதிகளின் வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள். எல்லைப் பலகை பனிக்குள் புதைந்திருந்தது என்று சொன்னால் அபராதம் குறையாது.

படி 6: ஐந்து சோதனைகள்

ஒவ்வொரு ஸ்லெட்டிலும் முதல் கால் மணி நேரம் சும்மா ஓட்டுங்கள். கை பழகாமல் எடுத்த குறிப்பு பழைய வண்டியைப் பற்றிய குறிப்பாகவே இருக்கும்.

முதலாவது, புறப்பாடு. யாரும் மிதிக்காத சமவெளியில் நிறுத்தி, எஞ்சின் அணைத்து, மறுபடி கிளப்பி மெல்ல நகருங்கள். ஆழப் பனியில் ஸ்லெட் படகுமாதிரி. முதலில் நீருக்குள் உழுது, பிறகு எழும்பி மேலே மிதக்க வேண்டும். எத்தனை நீளத்துக்குள் எழும்புகிறது என்று பாருங்கள். த்ராட்டிலை வலது கட்டை விரலால் சீராக அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் ட்ராக் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். குறைந்த த்ராட்டிலில் எழும்பும் ஸ்லெட்தான் மிதப்பில் சிறந்தது.

இரண்டாவது, எட்டு போடுதல். அதே சமவெளியில், ஓடும் வேகத்துக்குச் சற்றே கூடுதலாக, இடப்பக்கம் ஒரு வட்டம், வலப்பக்கம் ஒரு வட்டம். இடப்பக்கம் சாய ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்பி, இடக் கால்பலகையில் எடையைப் போட வேண்டும். முதலில் தலைகீழாகத் தோன்றும், ஒரு மணி நேரத்தில் பழகிவிடும். வட்டத்தின் அளவைவிட, ஒரு வட்டத்திலிருந்து மற்றதற்கு மாறும் கணத்தைக் கவனியுங்கள். சாய்ந்த வண்டி நிமிர்ந்து மறுபக்கம் படுக்கும் அந்த ஒரு நொடியில்தான் இறுக்கமான சஸ்பென்ஷனுக்கும் நெகிழும் சஸ்பென்ஷனுக்கும் உள்ள வேறுபாடு கைக்குத் தெரியும்.

மூன்றாவது, குறுக்கோட்டம். இதற்குத்தான் அதிக நேரம் கொடுப்பேன். இருபது டிகிரிபோல உள்ள, கீழே மரமோ பள்ளமோ இல்லாத சிறு சரிவில், மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் குறுக்காகப் போக வேண்டும். மேட்டுப்பக்கக் கால்பலகையில் நிற்கிறீர்கள். பள்ளத்துப்பக்கக் காலைக் கொண்டுவந்து அதே பலகையில் முன்னால் வைத்து, மேட்டுப்பக்கக் காலைப் பனியில் தொங்க விடுகிறீர்கள். ஹேண்டில்பார் பள்ளத்தை நோக்கித் திரும்பியிருக்கும், ஆனால் வண்டி மேட்டின்மேல் சாய்ந்து ஓடும். இடுப்பில் குடம் வைத்தவள் மறுபக்கம் சாய்ந்து நடப்பாளே, ஏறத்தாழ அந்தச் சமநிலை. பள்ளத்துப்பக்க ஸ்கீ காற்றில் ஆடும். எஞ்சின் ஒரே சுருதியில் முனகும். முகத்தில் பனிப்பொடி அடிக்கும், கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியாது, உள்ளங்காலில் மட்டும் ட்ராக்கின் ஓரம் பனியை அறுத்துக்கொண்டு போவது தெரியும். அந்த உணர்வு நிலையாக இருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா என்பதுதான் உங்கள் குறிப்பு.

நூறு அடி போனபின் வேண்டுமென்றே வேகத்தைக் குறையுங்கள். மெதுவாகப் போகும்போதும் சாய்வைக் காப்பாற்றும் ஸ்லெட் நல்ல ஸ்லெட். வேகத்தில் எல்லாமே சாய்ந்து நிற்கும். மரக்காட்டில் வேகம் கிடைக்காது. பிறகு வேண்டுமென்றே ஒரு சிறு தவறு செய்யுங்கள்: ஹேண்டில்பாரை ஒரு கணம் நேராக்குங்கள். எந்த வண்டி பள்ளத்தை நோக்கி உடனே ஓடுகிறது, எது உங்களுக்கு அரை நொடி அவகாசம் தருகிறது? என் அனுபவத்தில் ஆல்ஃபாவும் சம்மிட்டும் அந்த அரை நொடியைத் தந்தன. ஆர்எம்கே தரவில்லை. ஆனால் திருத்தக் கையசைத்ததும் மற்ற இரண்டையும்விட வேகமாகத் திரும்பி வந்தது ஆர்எம்கேதான்.

நான்காவது, மரங்களுக்கிடையே இறக்கம். ஏற்றத்தில் திணறும் ஸ்லெட்டைவிட இறக்கத்தில் கேட்காத ஸ்லெட் ஆபத்தானது. பிரேக்கைத் தொட்டவுடன் மூக்கு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மரத்தடிகளைச் சுற்றிப் பனி மூடாத ஆழமான குழிகள் இருக்கும், அவற்றிலிருந்து விலகியே ஓட்டுங்கள். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடம்போடு மாட்டிக்கொள்ள இங்கே மறக்க வேண்டாம்.

ஐந்தாவதைப் பெரும்பாலோர் சோதிப்பதில்லை: மாட்டிக்கொண்டால் வெளியே எடுப்பது. என்னைக் கேட்டால் இதுவும் கையாளுதலில் சேர்த்திதான். போன பிப்ரவரியில் 165 நீளமுள்ள ஒரு ஸ்லெட்டை ஓடைப் பள்ளம் ஒன்றுக்குள் நானே இறக்கினேன். புதைகிறது என்று தெரிந்ததும் கையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை, இன்னும் அழுத்தினேன். ட்ராக் ஓடைத் தண்ணீரைத் தொட்டபோதுதான் நிறுத்தினேன். அதன்பின் இரண்டு மணி நேரம் மண்வாரி வேலை. ஸ்கீகளுக்கு முன்னால் பனியை வெட்டி, காலால் மிதித்து ஒரு சாய்வுப் பாதை போட்டு, வண்டியைப் பக்கவாட்டில் புரட்டி ட்ராக்கின் கீழ் பனியை நிரப்பி, பிறகுதான் நகர்ந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஸ்லெட்டிலும் பின்பக்கக் கைப்பிடி பிடிக்க வாகாக இருக்கிறதா, தனியாளாக அதைப் பக்கவாட்டில் புரட்ட முடிகிறதா என்று சமவெளியிலேயே செய்து பார்த்துவிடுகிறேன். ஸ்கீ முனையின் வளையத்தைக் கனத்த கையுறையோடு பிடிக்க முடிகிறதா என்பதும் இதில் அடக்கம்.

படி 7: குறிப்பெழுதுவதும் முடிவெடுப்பதும்

ஒவ்வொரு வண்டியிலிருந்தும் இறங்கியவுடன், அடுத்ததில் ஏறுமுன் எழுதுங்கள். பேனா உறைந்துவிடும், பென்சில் கொண்டுபோங்கள். மதிப்பெண் போடுவதைவிட உடம்பு எங்கே வலிக்கிறது என்று எழுதுவது பயனுள்ளது. முன்கை வலித்தால் வண்டியை ஹேண்டில்பாரால் இழுத்துச் சாய்த்திருக்கிறீர்கள், அதாவது அது தானாகச் சாயவில்லை. தொடை வலித்தால் கால்பலகையில் எடை போட்டு ஓட்டியிருக்கிறீர்கள், அது நல்ல அறிகுறி. கீழ்முதுகு வலித்தால் ஹேண்டில்பார் தாழ்வு.

மாலையில் திரும்பும் பாதையையும் கணக்கில் சேருங்கள். போல்டர் மலையிலிருந்து கீழே வரும் பாதை அந்த நேரத்தில் இறுகி அலை அலையாக இருக்கும். ட்ராக்குக்குக் கீழ் உள்ள சறுக்குப் பட்டைகளும் குளிர்விப்பானும் பொடிப்பனி படாவிட்டால் சூடேறும், ஆகவே பனியைக் கீறி மேலே தூவும் கம்பிகளை இறக்கிவிடுங்கள். களைத்த உடம்போடு அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் எந்த ஸ்லெட் உங்களை எரிச்சலூட்டுகிறதோ, அது ஐந்து வருடமும் எரிச்சலூட்டும்.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இப்படி: முதல் இரண்டு குளிர்காலம் மட்டுமே ஓட்டியவர் சம்மிட் 154 அல்லது ஆல்ஃபா 154, டர்போ இல்லாமல். உடம்பில் வலுவும் பழக்கமும் இருந்து, மரக்காட்டில் நெருக்கமான வளைவுகளை விரும்புகிறவர் ஆர்எம்கே 155. குதிப்பதும் முன்பக்கத்தைத் தூக்குவதும் பிடித்தால் கேயாஸ் அல்லது லின்க்ஸ். 2,700 மீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர் டர்போவுக்குச் செலவிடலாம். பயன்படுத்திய வண்டியானால், ட்ராக் தாங்கும் சட்டத்தின் மூட்டுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள், பின்புற அலுமினியக் கூட்டில் சுருக்கம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நெகிழும் சஸ்பென்ஷன் தேய்ந்துபோனால் அது சாய்வதில்லை, ஆடுகிறது. இரண்டும் முதல் ஐந்து நிமிடத்தில் ஒரேமாதிரிதான் இருக்கும்.

நான் வாங்கியது சம்மிட் 154, டர்போ இல்லாதது. என்னோடு வரும் அண்ணன் வைத்திருப்பது ஆர்எம்கே 165. 'உங்கள் வண்டி கட்டிலில் படுத்ததுபோல ஓடுகிறது தம்பி' என்று அவர் கேலி செய்வார். பனி நெஞ்சளவு இருக்கும் நாளில் அவர் முன்னால் போய்ப் பாதை போடுகிறார், நான் பின்னால் போகிறேன். காட்டுக்குள் நுழைந்ததும் வரிசை மாறிவிடும்.